ஊடுபுள்ளிப் போர்வை

உலகில் அழகு இரு வழிகளில் பிறக்கின்றது. இல்லாத ஒன்றைப் புதிதாகப் படைப்பது ஒரு வழி. இருப்பதையே எடுத்து, திருப்பி, முறையாக அடுக்குவது மற்றொரு வழி. முன்னது கலைஞர் பெருமக்களுக்கு உரியது. பின்னது, சிறிது பொறுமையும் கூரிய கத்தரிக்கோலும் உள்ள எந்த இல்லத்திற்கும் கைகூடுவது. இந்த இரண்டாம் வழியில் எங்கள் வீட்டில் உருவான ஒரு போர்வையைப் பற்றி நம் சங்க அன்பர்களோடு சில சொற்கள் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கலைடாஸ்கோப் என்னும் விளையாட்டுக் குழலை அறியாத குழந்தை இராது. மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டி, ஒரு முனையில் மெல்லிய தாளை ஒட்டி, உள்ளே நான்கைந்து உடைந்த வளையல் துண்டுகளைப் போட்டால் குழல் முடிந்தது. மறுமுனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் வளையல் துண்டுகள் தெரிவதில்லை, மலர்கள் தெரிகின்றன. குழலைச் சிறிது சுழற்றினால் அந்த மலர் கலைந்து வேறொரு மலர் பூக்கின்றது. ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் டேவிட் புரூஸ்டர் என்பவர் 1816ஆம் ஆண்டில் ஒளியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது இக்கருவியைக் கண்டறிந்தார். 1817இல் அதற்கு உரிமைப் பதிவும் பெற்றார். அழகு, வடிவம், காண்டல் எனப் பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களைக் கூட்டி அவரே அதற்குப் பெயரிட்டார். ஆனால் செய்முறை மிக எளிதாக இருந்தமையால் கடைக்காரர் பலரும் தாமே செய்து விற்கத் தொடங்கினர். கண்டவருக்குக் கிட்டிய ஊதியம் சிறிதே.

இக்குழலில் ஒரு குறை உண்டு. கண்ட மலரைக் காத்து வைக்க முடியாது. ‘இதோ பார்’ என்று அடுத்தவர் கையில் குழலைக் கொடுக்கும்போதே அது கலைந்துவிடும். அம்மலரை அசையாது நிறுத்தித் துணியில் தைத்து வைக்கலாம் என்று காட்டியவர்கள் அமெரிக்க நாட்டுப் பெண்மணிகள். பெத்தனி ரேனால்ட்ஸ் என்பவர் 1998ஆம் ஆண்டிலும், மாக்சின் ரோசந்தால் என்பவர் 2006ஆம் ஆண்டிலும் இத்தகைய தையல் முறைகளை விளக்கித் தனித்தனியே நூல்கள் வெளியிட்டனர். பின்னவர் முறைக்கு வேண்டியவை இரண்டே: பெரிய பூ அச்சிட்ட ஒரே துணி, அறுகோணம் என்னும் ஒரே வடிவம்.

அச்சுத் துணி எதுவாயினும் அதன் கோலம் ஓர் அளவுக்குப் பின் மீண்டும் தொடங்கும். ஒரு பூ கரையோரத்தில் எங்கே நிற்கின்றதோ, அதே பூ, அதே இலை, அதே மொட்டுடன் குறிப்பிட்ட தொலைவில் மறுபடியும் நிற்கும். இவ்வாறு மீண்டு வரும் கோலத்தில் ஆறு பகுதிகளைத் தனித்தனியே வெட்டி, பூவின்மேல் பூ பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கில் எங்கேனும் ஒரு சமபக்க முக்கோணத்தை வெட்டினால், ஒன்றோடொன்று சிறிதும் வேறுபடாத ஆறு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றை ஒரு மையத்தைச் சுற்றிக் கூட்டினால் ஓர் அறுகோணம்; அதில் ஒரு மலர். துணியை நெய்தவரும் அச்சிட்டவரும் காணாத மலர் அது.

இக்கலை கடல் கடந்து வந்தது என்று நாம் விலகி நிற்க வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் ‘சிண்ட்ஸ்’ என்று சொல்லும் பூத்துணியும், நம் பாட்டிமார் ‘சீட்டித் துணி’ என்று சொல்வதும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய வண்ணத் துணிகள் ஐரோப்பாவை மயக்கின. தங்கள் நாட்டு நெசவு நலிகின்றது என்று அங்குள்ளோர் முறையிடவே, இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1700ஆம் ஆண்டில் இந்திய அச்சுத் துணி உள்நாட்டில் விலைபோவதைத் தடுத்தது. 1721இல் அச்சுப் பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை விதித்தது. அத்தடை 1774 வரை நீடித்தது. அரிதான பொருளின் சிறு துண்டும் அரிதன்றோ? லெவன்ஸ் ஹால் என்னும் ஆங்கில மாளிகையில், இந்தியப் பூத்துணித் துண்டுகளை ஒட்டித் தைத்த பழம்போர்வை ஒன்று இன்றும் உள்ளது. அது 1708ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்டது என்பர். நம் கரையில் பூத்த பூ, துண்டுபட்ட பின்னும் வேற்று நாட்டில் முந்நூறு ஆண்டு வாழ்கின்றது.

இனி எங்கள் இல்லத்துச் செய்தி. நாங்கள் நாகபுரியில் அஜ்னிப் பகுதியிலுள்ள ரயில்வே குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வாழ்கின்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, அடிமட்டப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தரானவர்கள் நாங்கள். எங்கள் தந்தையார் திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மறைந்து ஓராண்டு ஊரிலேயே தனித்திருந்த தாயாரைச் சென்ற ஆனித் திங்களில் எங்களோடு அழைத்து வந்தோம். அவர் வந்தார், ஆனால் வந்த நாள் முதலே ‘தை பிறந்தால் நான் ஊருக்குப் போகிறேன்’ என்பதே அவருடைய பேச்சாயிற்று.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. இந்தியும் மராத்தியும் அவர் காதுக்கு ஒன்றே. ஊரில் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடுவது அறுபதாண்டுப் பழக்கம். இங்கே வாசல் என்பது நான்கு வீட்டாருக்கும் பொதுவான மூன்று முழ நடை. முதல் வாரம் அதில் சிறு கோலம் இட்டுப் பார்த்தார். எட்டு மணிக்குள் பள்ளிப் பிள்ளைகளின் காலணிகள் அதனை அழித்துவிடும். பின்பு இடுவதை நிறுத்திவிட்டார். சன்னலோரக் கட்டிலில் அமர்ந்து ரயில் வண்டிகளின் ஓசையை எண்ணுவதே பொழுதுபோக்காயிற்று. புரட்டாசி கழிந்து காற்றில் குளிர் ஏறியது. மார்கழியில் இவ்வூரில் இரவின் வெம்மை பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவது உண்டு. கடையில் விற்கும் ரஜாயை வாங்கித் தந்தோம். ‘நெஞ்சை அழுத்துகிறது’ என்று ஒதுக்கிவிட்டார்.

அவ்வேளையில்தான், அமெரிக்காவில் வாழும் எங்கள் மைத்துனி தாமே தைத்த ஒரு சிறு திண்டு உறையை அனுப்பினார். அதன் நடுவே ஏழு அறுகோண மலர்கள். எங்கள் வீட்டம்மாள் அதனை நாள் முழுதும் திருப்பித் திருப்பிப் பார்த்து, செய்முறையையும் கேட்டறிந்து, ‘அத்தைக்கு இப்படி ஒரு போர்வை தைக்கலாம்’ என்றார். தசராவை ஒட்டி வரும் போனஸில் துணிக்கென ஒரு தொகை ஒதுக்கினோம்.

தாயார் இதற்கு இசையவில்லை. ‘கிழிந்ததை ஒட்டுப் போடுவார்கள், ஒட்டுப் போடுவதற்காகப் புதுத் துணியைக் கிழிப்பார்களா? வீட்டுக்கு ஆகுமா?’ என்று கேட்டார். அக்கேள்வியை நாங்கள் எளிதாகத் தள்ளவில்லை. ஆண்டுக்கு ஒரு புடவை வாங்கிய காலத்தைக் கண்டவர் அவர். துணியின் அருமை அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. ‘எந்த நாளில் வெட்டலாம் என்று அத்தையே சொல்லட்டும்’ என்று மருமகள் பணிவோடு கேட்டார். நெடுநேரம் கழித்து, ‘வெட்டத்தான் வேண்டும் என்றால் புதன்கிழமையில் வெட்டு’ என்று விடை வந்தது.

துணி தேர்வதில்தான் இவ்வேலையின் பாதி அடங்கியுள்ளது. ஆதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம். சிறு பூ ஒரே சீராகத் தூவிய துணி இதற்கு உதவாது. எங்கே வெட்டினாலும் ஒரே முகம் காட்டும். கையகலப் பூவும், வளைந்த கொடியும், நான்கைந்து நிறமும், வெற்றிடம் குறைவாகவும் உள்ள துணியே சிறந்தது. கடையில் பார்க்கும்போது இரைச்சலாகத் தோன்றும் துணி, வெட்டியபின் இனிமையாகும். அடுத்து, சாங்கானேர் முதலிய ஊர்களில் மரக்கட்டையால் கையச்சுப் பதித்த துணி எத்துணை அழகாயினும் இதற்குப் பொருந்துவதில்லை. கை பதிக்கும் அச்சு ஒவ்வொரு முறையும் மயிரிழை விலகும். அந்த உயிர்ப்பே அதன் சிறப்பு. ஆனால் ஆறு படைகள் அணுவளவும் பிசகாமல் பொருந்த வேண்டிய இடத்தில் அது இடராகும். உருளை கொண்டு இயந்திரத்தில் அச்சிட்ட துணியில் கோலம் பெரும்பாலும் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை மீளும். உருளையின் சுற்றளவு அதுவாதலின் அவ்வாறு அமைகின்றது.

காந்திபாக் துணிச் சந்தையில் நாங்கள் வாங்கியது, கருநீலத் தரையில் செம்பூவும் மஞ்சள் மொட்டும் பச்சைக் கொடியும் படர்ந்த 44 அங்குல அகலப் பருத்தித் துணி. ஆறு கோலத்திற்கு 384 சென்டிமீட்டர். தலைப்பில் வீணாவதையும் சேர்த்து நாலேகால் மீட்டர் எடுத்தோம். கடைக்காரர் மீட்டரில் அளக்கின்றார், தையற்காரர் அங்குலத்தில் வெட்டுகின்றார்; இவ்விரண்டு கணக்கும் எல்லா வீடுகளிலும் சண்டையின்றி வாழ்கின்றன.

துணி வாங்கப் போகும்போது இரண்டு சிறு கண்ணாடிகளைக் கையில் கொண்டு போவது நலம். அவற்றை விளிம்போடு விளிம்பு சேர்த்து அறுபது பாகைக் கோணத்தில் துணியின்மேல் நிறுத்தினால், வெட்டாமலே மலரின் சாயல் தெரியும். எங்கள் மகள் பள்ளிக்காகச் செய்த கலைடாஸ்கோப்பைப் பிரித்து எடுத்த பட்டைகளே எங்களுக்கு உதவின. ஆயினும் கண்ணாடி காட்டுவதும் துணி காட்டுவதும் முற்றும் ஒன்றல்ல. கண்ணாடியில் ஒரு பட்டைக்கு அடுத்த பட்டை இடம் வலமாக மாறித் தோன்றும். துணியிலோ ஆறு முக்கோணங்களும் ஒரே முகமாகவே நிற்கும். ஆதலின் வளைந்த கொடியொன்று முக்கோணத்தில் அகப்பட்டால், அறுகோணத்தில் அது காற்றாடிபோல் ஒரே திசையில் சுழலும். கண்ணாடி மலர் அசையாமல் நிற்பது. துணி மலர் சுழல்வது.

துணியை நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டு, ஆறு பகுதிகளாக வெட்டிக்கொண்டோம். அடுக்கும் முறை இது: மேலே உள்ள துணியில் தெளிவான ஒரு புள்ளியை, அதாவது ஒரு பூவின் நடு மகரந்தத்தைத் தேர்ந்து குண்டூசியை நேராக இறக்க வேண்டும். அதே ஊசி கீழுள்ள ஐந்து படைகளிலும் அதே மகரந்தத்தின் வழியே இறங்க வேண்டும். இவ்வாறு ஒரு சாணுக்கு ஓர் ஊசியாக அடுக்கு முழுதும் நிறுத்திய பின்னரே படுக்கை ஊசி குத்திப் பிணைக்கலாம். இதற்கு மட்டும் எங்களுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. பின்பு 3¾ அங்குல அகலமுள்ள ஆறு நீள் பட்டைகளாக வெட்டி, அட்டையில் செய்த சமபக்க முக்கோணத்தை ஒருமுறை நிமிர்த்தும் ஒருமுறை கவிழ்த்தும் வைத்துப் பட்டைக்கு 18 முக்கோணம் எடுத்தோம். சுழல் கத்தி இருப்பின் நன்று. இல்லையெனில் தையற்காரரின் பெரிய கத்தரிக்கோல் போதும். ஆறு பட்டை, பதினெட்டு முக்கோணம்: 108 அடுக்கு. எண்ணிப் பார்த்த தாயார், ‘நூற்றெட்டா?’ என்று ஒருமுறை கேட்டார். முதன்முதலாக அப்பொழுதுதான் கட்டிலை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

அடுக்குக்கு ஆறாக 648 முக்கோணங்கள்; கலந்துவிட்டால் பிரிக்க இயலாது. எழுத்தர் வேலை இங்கே கைகொடுத்தது. ஒவ்வோர் அடுக்கையும் நூலால் கட்டி, எண் எழுதிய சீட்டைச் செருகி, ஒரு பழைய நோட்டில் பேரேடு திறந்தோம். அடுக்கின் எண், எந்த நிறம் மிகுதி, எந்த முனை மையம் என மூன்று பத்திகள். இந்த மூன்றாம் பத்தியில்தான் செய்தி இருக்கின்றது. முக்கோணத்திற்கு முனை மூன்று. அவற்றுள் எதனை மையத்தில் வைக்கின்றோமோ அதற்கேற்ப மலர் மாறும். செம்பூவின் இதழ் முனையை நடுவில் வைத்தால் நட்சத்திரம். மஞ்சள் மொட்டை வைத்தால் சூரியகாந்தி. நீலத் தரையை வைத்தால் நடுவே குளம், சுற்றிலும் மாலை. ஓர் அடுக்குக்கு மூன்று வழியானால் 108 அடுக்குக்கும் எத்தனை விதம் என்று ஓய்வு நேரத்தில் கணக்கிட்டோம். விடை 52 இலக்கம் கொண்ட எண்ணாக நீண்டது!

இத்தனை வழி இருப்பதே எங்களைத் திகைக்க வைத்தது. முதல் நாள் மாலை வீட்டம்மாள் ஓர் அடுக்கைத் தரையில் பரப்பி, இப்படியா அப்படியா என்று அரைமணி நேரம் திருப்பிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து ஒரு குரல்: ‘அம்மாடி, அந்தச் சிவப்பு மூக்கை நடுவுக்குத் திருப்பு.’ திருப்பினார். மலர் எழுந்து நின்றது. ஒரு கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட தாயாருக்கு ஊசியில் நூல் கோக்க வாராது. ஆனால் ஐந்தடி தொலைவில் கிடக்கும் கோலத்தின் குற்றம் குணம் அவருக்கு இமைப்பொழுதில் தெரிந்தது. அன்று முதல் பேரேட்டின் மூன்றாம் பத்தியை நிரப்பியவர் அவரே. பேத்தி எண்ணைக் கூப்பிடுவாள், பாட்டி ‘மஞ்சள்’ என்றோ ‘நீலம்’ என்றோ தீர்ப்பு அளிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம்.

அறுகோணங்களை எவ்வாறு இணைப்பது என்று வந்தபோதும் அவரே வழி காட்டினார். ‘இது ஊடுபுள்ளிக் கோலம். இதில் என்ன கடினம்?’ என்றார். ஊடுபுள்ளி என்றால், ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்துக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி நிற்பது. நடுவே 15 புள்ளி வைத்து, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்தினால், புள்ளிக் கூட்டமே ஓர் அறுகோணமாகும். நம் தாய்மார் அட்டையும் அளவுகோலும் இன்றி, குனிந்த கையால், விடியுமுன் தரையில் இடுவது இதனைத்தான். தேனீ தன் அடையில் கட்டுவதும் இதனைத்தான். பக்கமும் கோணமும் ஒத்த வடிவங்களுள் இடைவெளியின்றித் தரையை நிரப்பவல்லவை மூன்றே: முக்கோணம், சதுரம், அறுகோணம். இப்போர்வையில் முதலாவது கூடி மூன்றாவதாகின்றது.

தைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஆறு முக்கோணத்தையும் ஒரேயடியாக அறுகோணமாகத் தைத்துவிடக் கூடாது. தைத்தால் அறுகோணத்தோடு அறுகோணத்தைச் சேர்க்கும்போது மூலைக்கு மூலை ஊசியைத் திருப்ப நேரும். மும்மூன்றாகத் தைத்து இரு பாதிகளாக நிறுத்திக்கொள்ள வேண்டும். பாதிகளைத் தரையில் பரப்பி, முழுப் போர்வையின் அமைப்பும் முடிவான பின்பு, ஒரு மலரின் மேற்பாதி, அடுத்த மலரின் கீழ்ப்பாதி என்று மாறி மாறிக் கோத்தால் நேரான பட்டை ஒன்று அமையும். பட்டையோடு பட்டையை நேர்த் தையலால் இணைத்துச் செல்லச் செல்ல, பிரிந்து நின்ற பாதிகள் தாமே கூடி மலர்களாகும். தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, ஓரங்களை இருபுறமும் விரித்து இஸ்திரி போட்டால் ஆறு முனை கூடும் நடுவிடம் புடைக்காது. 3¾ அங்குலத்தில் வெட்டிய முக்கோணம் தைத்தபின் 3 அங்குல உயரமாகும். அறுகோணம் எதிர்ப்பக்கத்துக்கு 6 அங்குலம். குறுக்கே 9, நெடுக்கே 12 என்று வைத்து, மேலும் கீழும் பிதுங்கிய பாதிகளை நீக்கியபின் எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 69 அங்குல நீளம், 46 அங்குல அகலம். தலைமாட்டில் செம்மலர்களும், நடுவே மஞ்சளும், கால்மாட்டில் இருண்ட நீலமுமாகப் பொழுது சாய்வதுபோல் அடுக்கியவர் தாயார்.

மேற்பரப்பு முடிந்தது. உள்ளே என்ன வைப்பது? பஞ்சு கொட்டி வைத்தால் பழைய ரஜாயின் கதையாகும். கீழ்த்தளத்து வீட்டில் முதிய மராத்திய அம்மையார் ஒருவர் வாழ்கின்றார். எங்கள் மகள் அவரை ‘ஆஜி’ என்று அழைப்பாள். பாட்டி என்று பொருள். அவர் வந்து பார்த்துவிட்டு, தங்கள் நாட்டுக் ‘கோதடி’யைப் பற்றிச் சொன்னார். உள்ளே பஞ்சு கிடையாது. துவைத்துத் துவைத்து மெல்லியதான பழம்புடவைகளையும் வேட்டிகளையும் படைபடையாக விரித்து, மேலே நெருங்க ஓட்டுத் தையல் இடுவது அவர்கள் வழக்கம். ‘வீட்டில் மூத்தவர்களின் துணியை உள்ளே வைப்போம். அவர்கள் சூடு பிள்ளைகளுக்கு வரும்’ என்றார். மகள் இதனை அப்படியே தமிழில் பாட்டிக்குச் சொன்னாள்.

தாயார் எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரிலிருந்து அவர் கொண்டு வந்த தகரப் பெட்டியில் தந்தையாரின் எட்டு முழ வேட்டிகள் இருப்பதை நாங்கள் அறிவோம். காரியம் கழிந்தபின் மற்ற துணிகளையெல்லாம் கொடுத்துவிட்டவர், அவற்றை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. திங்களுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் உலர்த்தி மீண்டும் மடித்து வைப்பார். அவற்றைப் பற்றி நாங்கள் கேட்டதும் இல்லை. கேட்கத் துணிந்ததும் இல்லை. நான்கு நாட்கள் போர்வை மடித்தபடி கிடந்தது. பேச்சும் அதனைச் சுற்றி வரவில்லை.

ஐந்தாம் நாள் நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது இரண்டு வேட்டிகள் இஸ்திரி போட்ட மடிப்போடு தையல் இயந்திரத்தின்மேல் இருந்தன. எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் 72 அங்குலத்துக்கு 50 அங்குலம். போர்வையைச் சுற்றி 2 அங்குல நீலக் கரை வைத்தால் அளவு சரியாகப் பொருந்தும் என்பதைத் தாயாரே முழம் போட்டு அளந்து வைத்திருந்தார். ‘பெட்டியில் இருந்தால் பூச்சி அரிக்கும்’ என்றார். அவ்வளவே சொன்னார். வெட்டாமல் முழுதாகவே வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவ்வாறே வைத்தோம். அடித்துணியாக வீட்டம்மாளின் பழைய சுங்குடிப் புடவை அமைந்தது.

கார்த்திகை முழுதும் மாலை வேளைகளில் எங்கள் கூடத்தில் தையல் நடந்தது. ஆஜி ஒரு முனையிலும் வீட்டம்மாள் மறுமுனையிலும் அமர்ந்து ஓட்டுத் தையல் இட்டனர். நூல் கோக்கும் வேலை மகளுடையது. தாயார் நடுவே அமர்ந்து சுருக்கம் விழாமல் நீவிக் கொடுப்பார். ஆஜி மராத்தியில் பேசுவார். தாயார் தமிழில் மறுமொழி கூறுவார். முதல் சில நாட்கள் மகள் மொழிபெயர்த்தாள். பிறகு அவள் பாடம் படிக்கப் போய்விட்டாள்; பேச்சு நிற்கவில்லை. இருவரும் கணவரை இழந்தவர்கள். இருவருக்கும் முழங்கால் நோவு. இருவரும் அரிசியின் விலையை அறிந்தவர்கள். மொழி தெரியாதது அவர்களுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

மார்கழி முதல் வாரத்தில் போர்வை முடிந்தது. அதனைப் போர்த்திக்கொண்ட முதல் இரவு, தாயார் நெஞ்சை அழுத்துவதாகச் சொல்லவில்லை. காலையில், எந்த மலர் எந்த எண் என்று பேத்தியோடு சேர்ந்து பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை பிறந்ததும் சொன்னபடியே ஊருக்குப் புறப்பட்டார். தந்தையாரின் திதி அத்திங்களில் வருவதால் நாங்களும் தடுக்கவில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடம் பதிவு செய்தோம். போர்வையைப் பையில் வைக்க முனைந்தபோது தாயார் மருமகளைத் தடுத்தார். ‘அங்கே ஏது குளிர்? வேப்பிலை போட்டு மடித்து வை, அம்மாடி. கார்த்திகையில் எனக்கு வேண்டியிருக்கும்’ என்றார். வண்டி ஏறும்வரை எங்கள் வீட்டம்மாள் அதற்கு விடையொன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர் வீடுகளில் இத்தகைய பெட்டி ஒன்று இல்லாத வீடு அரிது. திறக்க மனம் வராத பழந்துணியும், பயன்படாமல் கிடக்கும் கைத்திறனும், பேச ஆளின்றி அமர்ந்திருக்கும் பெரியவர்களும் நம் குடியிருப்புகளில் உள்ளனர். போர்வைதான் தைக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் தைக்க விரும்புவோர் முதலில் ஏழு அறுகோணத்தில் ஒரு திண்டு உறை தைத்துப் பார்ப்பது நலம். ஆறு கோலம் மீளும் துணி, ஓர் அட்டை முக்கோணம், நிறையக் குண்டூசி, மலரின் முனையைத் தேர்ந்து சொல்ல வீட்டில் ஒரு மூத்தவர்: வேண்டுவன இவையே. அளவும் ஐயமும் கேட்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலைகளில் எங்கள் இல்லத்துக்கு வரலாம். பேரேடும் அட்டை முக்கோணமும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. கார்த்திகைக்குப் பின் வருவோர்க்குத் தாயாரே விளக்கம் கூறுவார்.